குனிந்து நுழைந்த பெரியம்மா: நினைவும் ஆவணமும் கலையாகும்போது

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இருந்த தன் வீட்டை வரைந்து காட்டும்படி பெரியம்மாவிடம் கேட்டேன். கிழித்த நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பென்சிலை எடுத்தவர், முதலில் கிணற்றைத்தான் போட்டார். ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் வாழை, அதையடுத்துத் துவைக்கிற கல். கல்லடியிலிருந்து கோடு இழுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். குசினியிலிருந்துதான் வீடு வளர்ந்தது. முன்வாசல் கடைசியில் வந்தது, அதுவும் நான் கேட்ட பிறகு. ஓர் அறைக்கு மட்டும் நான்கு சுவர்களைப் போட்டுவிட்டு, உள்ளே ஒன்றும் வரையாமல் விட்டுவிட்டார்.

2006 ஏப்ரலில் போரால் சம்பூர் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். கிளிவெட்டி முகாம், உறவினர் வீடு என்று ஆண்டுகள் போயின. அரசு எடுத்துவைத்திருந்த காணிகள் 2015இல் தொடங்கி விடுவிக்கப்பட்டன. பெரியம்மா போய்ப் பார்த்தபோது வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. இப்போது மகனோடு திருகோணமலை உவர்மலையில் இருக்கிறார். அவருடைய வீட்டுக்கு இன்று உலகத்தில் இருக்கும் ஒரே வரைபடம் அந்த நாட்காட்டித் தாள்தான்.

‘நினைவு, அடையாளம், ஆவணம் ஆகியவற்றை ஆராயும் அசையும் படிமமும் ஆற்றுகையும்’ என்று கண்காட்சி அழைப்பிதழ்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாசித்ததுமே ‘இது நமக்கு இல்லை’ என்று பலர் மடித்து வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால், இந்தக் கலை யாருக்காவது உடனே விளங்க வேண்டுமென்றால் அது நம்மைப்போல வீட்டையும் தாளையும் படத்தையும் இழந்தவர்களுக்குத்தான். பெரியம்மாவின் தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஆவணத்திலிருந்து தொடங்குவோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் அடுக்கிவைத்திருக்கும் கட்டுகள் எல்லாம் ஆவணங்கள். ஒல்லாந்தர் இந்தத் தீவை ஆண்டபோது காணிகளையும் குடும்பங்களையும் பதிந்துவைத்த ஏடுகளுக்குத் தோம்பு என்று பெயர். யாருக்கு எவ்வளவு நிலம், அதில் எத்தனை தென்னை, யார் என்ன வரி செலுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நிலத்தின் உரிமையாளர் எந்தப் பக்கமாகக் கிணற்றடிக்குப் போனார் என்பது இருக்காது. அதிகாரத்துக்குத் தேவையானதுதான் பதிவாகும். மற்றது பதிவாகாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். 2011இல் வெளியான அவருடைய கலைநூலின் பெயரை ‘முடிவுறாத தோம்பு’ என்று தமிழில் சொல்லலாம். போரால் இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையக் கேட்டார். அவர்கள் கையால் போட்ட கோணல் கோடுகளும், அவற்றைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் அளவாகப் போட்ட வரைபடங்களும், சனாதனனின் சித்திரங்களும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. எண்பது வீடுகள். அரசாங்கத்தின் தோம்பு எதை விட்டதோ அதைக் கொண்டே செய்த தோம்பு அது. பெரியம்மாவிடம் தாளைக் கொடுக்கும் எண்ணம் எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த நூல் அசையவும் இல்லை, ஆற்றுகையும் இல்லை. ஆனால் இந்த வகைக் கலை முழுவதற்கும் அடிப்படையான கேள்வி அதில் இருக்கிறது: எது காப்பாற்றப்பட்டது, யார் காப்பாற்றினார்கள், எது விடுபட்டது?

இனி ஆற்றுகை. இலங்கைத் தமிழில் நாம் நாடகத்துக்கும் கூத்துக்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஓவியர்களும் சிற்பிகளும் செய்யும் ஆற்றுகை கொஞ்சம் வேறு. கூத்தில் அண்ணாவியாரின் மாணவன் அருச்சுனனாக மாறுகிறான். இங்கே யாரும் யாராகவும் மாறுவதில்லை. கலைஞரின் உடம்பும் அது செலவிடும் நேரமுமே படைப்பு. ஆற்றுகைக் கலைஞர் மரீனா அப்ரமோவிச் 2010இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ மூன்று மாதம், நாள்தோறும் ஒரு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் வந்து அமர்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். வந்தவர்களில் பலர் அழுதார்கள்.

இதற்கும் நினைவுக்கும் என்ன தொடர்பு? பெரியம்மாவிடமே திரும்பிப் போகிறேன்.

படம் வரைந்து முடிந்த பிறகு, உவர்மலை வீட்டு விறாந்தையில் அந்த வீட்டை நடந்து காட்டச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். ‘இது கிணற்றடி. இது கல். இங்கே கோழிக்கூடு.’ வெறும் சீமெந்துத் தரையில் வளைந்து வளைந்து போனார். குசினி வாசல் வந்ததும் தலையைத் தாழ்த்திக் குனிந்தார். நான் திகைத்துப்போனேன். மேலே ஒன்றுமில்லை, பத்தடி உயரத்தில் கூரை. அவருக்கோ அங்கே கிடுகுத் தாழ்வாரம் இறங்கியிருந்தது. உள்ளே போய் நிமிர்ந்தார். வெளியே வரும்போது மறுபடியும் குனிந்தார்.

‘ஏன் குனிந்தீர்கள், பெரியம்மா?’

‘நானா? குனிந்தேனா?’ என்றார். பிறகு யோசித்து, ‘அது பதிவான கூரை, பிள்ளை. தலை இடிக்கும்’ என்றார்.

நாட்காட்டித் தாளில் நீளம் இருந்தது, அகலம் இருந்தது, உயரம் இல்லை. தாளில் வரையத் தெரியாததை முதுகு வைத்திருந்தது. இந்தக் கலையைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையையும்விட அந்த ஒரு குனிவு எனக்கு அதிகம் விளக்கியது. ஆவணம் வைக்க முடியாத ஒன்றை உடம்பு வைத்திருக்கிறது. வாயால் கேட்டால் அது வராது, அந்த வழியாக நடந்தால்தான் வரும். அதனால்தான் கலைஞர்கள் நடக்கிறார்கள், சுமக்கிறார்கள், ஒரே செயலை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

நியூயோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் டயானா டெய்லர் 2003இல் எழுதிய நூல் ஒன்றில் இதைப் பிரித்துக் காட்டினார். தாள், கல், கட்டடம், எலும்பு போன்று நீடித்து நிற்பவை ஒரு பக்கம். பாட்டு, ஆட்டம், சடங்கு, சைகை என்று உடம்பிலிருந்து உடம்புக்குக் கைமாறுபவை இன்னொரு பக்கம். இரண்டுமே அறிவைக் கடத்துகின்றன என்பது அவர் வாதம். திருகோணமலையில் பிறந்தவருக்கு இது புதிய செய்தியே அல்ல. பிரெட்றிக் கோட்டை வாசலால் கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள் அங்கே பதித்திருக்கும் கல்வெட்டுத் துண்டைப் பார்த்திருப்பார்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் மூட்டிய திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று சொல்வதாக அறியப்படும் கல் அது. 1620களில் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். உடைத்தவனின் சுவரிலேயே உடைபட்டதன் சாட்சி இருக்கிறது. இது முதல் வகை. அதே மலையை ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் இன்னும் ஓதுவார் தொண்டையில் இருக்கிறது. கோவில் இருந்தபோதும் பாடினார்கள், இல்லாத காலத்திலும் பாடினார்கள். இது இரண்டாவது வகை. கவிராஜவரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டில் யார் யாருக்குக் கோவிலில் என்ன தொழும்பு, அதாவது தொண்டு, என்பது செய்யுளாக இருக்கிறது. பெயர் கல்வெட்டு, இருப்பது பாட்டு. இந்தப் பெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் ஆற்றுகைக்கு ஒரு குறை உண்டு. முடிந்ததும் போய்விடும். பெரியம்மா குனிந்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன். அடுத்த முறை நடக்கச் சொன்னால், நான் கேட்டுவிட்டதால் வேண்டுமென்றே குனிவார். இங்கேதான் கமரா வருகிறது.

அசையும் படிமம் என்பது சினிமாவையும் உள்ளடக்கிய பெரிய சொல். பிலிம், வீடியோ, கைபேசிப் பதிவு, கணினியில் உருவாக்கிய அசைவு எல்லாம் அதற்குள் அடங்கும். 1960களின் இறுதியில் ஒருவரே தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய வீடியோக் கருவி கடைக்கு வந்தது. அதுவரை படம் எடுப்பது தொலைக்காட்சி நிலையங்களுக்கும் படக் கம்பனிகளுக்கும் உரிய வேலை. அதன் பிறகு ஓவியர்களும் எடுக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கதை தேவைப்படவில்லை, இடைவேளை தேவைப்படவில்லை. ஒரு சுவரில் படத்தை விட்டார்கள், அது முடிந்ததும் மறுபடி தொடங்கியது. சிலர் ஒரே அறையில் மூன்று நான்கு திரைகளை வைத்தார்கள். பிரித்தானியக் கலைஞர் ஜோன் அக்கொம்ஃப்ரா, ஜமேக்காவில் பிறந்து பிரித்தானியாவில் வாழ்ந்த சிந்தனையாளர் ஸ்டுவர்ட் ஹோலைப் பற்றி 2012இல் செய்த படைப்பு மூன்று திரைகளில் ஓடுகிறது. பழைய செய்திப் படங்களும் வானொலிக் குரலும் குடும்பப் புகைப்படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒரு திரையைப் பார்த்தால் மற்றது தவறிப்போகும். ஒரு வாழ்க்கையை ஒரே வரிசையில் சொல்லிவிட முடியாது என்பதை அந்த அறையில் நிற்பவரின் கழுத்தே உணரும்.

ஒரேயொரு படைப்பைப் பார்த்து இந்தக் கலையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் நான் மோனா ஹாட்டூம் 1988இல் செய்த பதினைந்து நிமிட வீடியோவைச் சொல்வேன். பலஸ்தீனக் குடும்பத்தில் பெய்ரூட்டில் பிறந்தவர் அவர். 1975இல் லண்டனுக்குப் போயிருந்தபோது லெபனானில் போர் மூண்டு, திரும்பிப் போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். திரையில் தெரிவது அவருடைய தாய் குளிக்கும் அறையில் எடுத்த புகைப்படங்கள், மங்கலாக. அவற்றின் மேல் தாயின் கையெழுத்து, அரபு மொழியில், வரிவரியாக. திரைச்சீலையும் போலத் தெரிகிறது, முள்வேலியும் போலத் தெரிகிறது. பின்னால் தாயும் மகளும் அரபியில் பேசிச் சிரிக்கும் ஒலி. அதற்கு மேல், மகள் அந்தக் கடிதங்களை ஆங்கிலத்தில், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் வாசிக்கிறாள். கடைசிக் கடிதத்தில், ஊர்த் தபால் நிலையம் கார்க் குண்டில் அழிந்துவிட்டது என்று வருகிறது. இனிக் கடிதம் வராது.

இதில் நமக்கு விளங்காதது என்ன இருக்கிறது? நீல நிற எயார்மெயில் கடிதத்தின் ஓரத்தைக் கிழியாமல் பிரிக்கப் பழகிய வீடுகள் நம்முடையவை. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்போம். ஹாட்டூமின் வீடியோவில் கடிதம் என்ற ஆவணம் இருக்கிறது, தாயின் உடம்பு இருக்கிறது, இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கும் மகளின் அடையாளம் இருக்கிறது. எல்லாம் ஒரே சட்டகத்தில், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு. எழுத்து முகத்தை மறைக்கிறது, குரல் சிரிப்பை மூடுகிறது. அந்த மறைப்புத்தான் அவர் சொல்ல வந்த தூரம்.

அடையாளம் என்றால் இங்கே நமக்கு முதலில் ஞாபகம் வருவது அட்டை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வீதியோரம் ஏந்தி நிற்கும் படங்களில் பல, அட்டைக்கென்று எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்தவை. சிரிக்காத முகம், நேர் பார்வை, பின்னால் வெறும் துணி. அரசுக்குக் காட்ட எடுத்த படத்தையே அரசுக்கு முன்னால் பிடிக்கிறார்கள். அதை நான் கலை என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொல்வது அந்தத் தாய்மாருக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் ஒரு படத்தை யார் எடுத்தார்கள், யார் கையில் இருக்கிறது, எங்கே நின்று காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும் என்பதை நான் கற்றது அவர்களிடம்தான். பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என். இதே கேள்வியை வேறு வழியில் கேட்டார். பிரித்தானியர் காலத்தில் இந்தியப் பெண்களை அளவுகோலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்த ‘இன ஆய்வு’ப் படங்கள் உண்டு. 2000 முதல் 2004 வரை, ஒளிப்படக் கலைஞர் கிளெயார் ஆர்னியோடு சேர்ந்து, அந்தப் படங்களையும் பழைய ஓவியங்களையும் நாள்காட்டிப் படங்களையும் தன் உடம்பைக் கொண்டே மீண்டும் எடுத்தார். அளவெடுக்கப்பட்டவளின் இடத்தில் இப்போது கலைஞரே நிற்கிறார். பழைய படத்தைப் பார்க்கும் நம் கண் கூசத் தொடங்குகிறது.

இந்த வகையில் ஒரு கிளை எனக்கு நெருடலானது. லெபனானைச் சேர்ந்த கலைஞர் வாலிட் ராட், 1989 முதல் 2004 வரை என்று காலம் குறித்த ஒரு திட்டத்தில், போர்க்கால ஆவணங்களைப் போலவே தோற்றமளிக்கும் குறிப்பேடுகளையும் வீடியோக்களையும் உருவாக்கினார். அவற்றில் பல கற்பனை. வரலாறு எப்படித் தயாரிக்கப்படுகிறது என்று கேட்பது அவர் நோக்கம், அதைத் திறமையாகவும் செய்திருக்கிறார். ஆனால் ஒரு பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக அலைபவர்கள் வாழும் ஊரில், பொய் ஆவணம் செய்யும் கலைஞர் மிகவும் யோசித்துச் செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம்.

பெரிய காப்பகங்களில் திருகோணமலை இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் முக்கிய தளம் இது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. லண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் அந்தக் கால உட்துறைமுகத்தின் படங்கள் உண்டு. எடுத்தவர்கள் கடற்படைப் படப்பிடிப்பாளர்கள் என்பதால் அவர்கள் தேடியது கப்பல்களையும் மாலுமிகளையும்தான். அப்படிப்பட்ட பிலிமை எடுத்து வேகத்தைக் குறைத்து, சட்டகத்தின் ஓரத்தில் மூட்டை சுமந்து போகும் ஒருவரில் நிறுத்துவது கலைஞர்கள் அடிக்கடி செய்யும் வேலை. எடுத்தவர் கவனிக்காததை நாம் கவனிக்கிறோம்.

மற்றபடி நம் ஊரின் படக் காப்பகம் வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது. கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு, செத்த வீடு எல்லாவற்றையும் வீடியோ கசெட்டில் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினோமே, அவைதான். வர முடியாதவர்களுக்காக எடுத்தவை. அதனால் அவற்றில் எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். அழுதுகொண்டிருப்பவரும் வெளிச்சம் முகத்தில் பட்டதும் ஒரு கணம் நிமிர்ந்து, கனடாவில் இருக்கும் தம்பியை நேராகப் பார்க்கிறார். இப்படி ஒரு பார்வை சினிமாவில் கிடையாது. கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன்னால் ‘பாதை’ என்ற மிதவையில் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கடந்த காலம், மாப்பிள்ளை ஊர்வலத்தின் பின்னணியாக ஏதாவது ஒரு கசெட்டில் இருக்கக்கூடும். இன்றைய பிள்ளைகளுக்குப் பாதை என்றால் வீதி மட்டும்தான்.

கடற்காற்றும் ஈரமும் இந்த ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை. கசெட்டின் சின்னக் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பாருங்கள், நாடாவின் விளிம்பில் மாவு தூவியதுபோல் வெள்ளையாக இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அப்படியே ஓடவிட்டால் நாடாவும் போகும், கருவியும் போகும். முதலில் சுத்தப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். 2016இல் ஜப்பானில் கடைசி நிறுவனமும் கசெட்டை ஓடவிடும் கருவியைச் செய்வதை நிறுத்திவிட்டது. காத்திருக்க நேரமில்லை.

இப்படிப்பட்ட படைப்பு ஒன்றைப் பார்க்கப் போனால், கதை எப்போது தொடங்கும் என்று காத்திருக்காதீர்கள். அது சுழன்றுகொண்டே இருக்கும், நீங்கள் நுழைந்த இடமே தொடக்கம். அதே காட்சி மறுபடி வரும்வரை இருங்கள். கண்ணை மூடிக் கொஞ்சம் ஒலியை மட்டும் கேளுங்கள். எதைக் காட்டவில்லை என்று பாருங்கள்.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால் கைபேசி போதும். ஆனால் ஒரு விடயம். அன்று பெரியம்மா இரண்டாம் முறை நடந்தபோது கால்களை மட்டும் எடுக்கச் சம்மதித்தார், முகம் வேண்டாம் என்றார். தாளில் வெறுமையாக விட்ட அந்த அறையின் வாசலில் கால்கள் நின்றன. ‘இங்கே வேண்டாம்’ என்றார். நிறுத்திவிட்டேன். என்ன அறை, யாருடைய அறை என்று கேட்கவில்லை. வெட்டி ஒட்டும்போது அந்த இடத்தில் எதையும் போட்டு நிரப்பவும் இல்லை. நான்கு நொடி கால்கள் நிற்கின்றன, பிறகு கறுப்பு.

வீட்டில் அம்மப்பாவின் செத்த வீட்டுக் கசெட் ஒன்றும் இருந்தது. சென்ற ஆண்டு அதைக் கணினிக்கு மாற்றினோம். அந்த நாளில் எடுத்தவர் சோக இசையைப் போட்டு ஒலி முழுவதையும் மூடியிருந்தார், ஒப்பாரி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கடைசியில் இசை முடிகிறது, படம் முடியவில்லை. பதினொரு நொடி. அம்மம்மாவின் குரல், ஒரு காகம், யாரோ வாளியை இழுக்கும் சத்தம். அந்தப் பதினொரு நொடியை மட்டும் தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன்.